முச்சந்தியில் நின்ற எலி

ஆய்வுக்கூடத்து வெள்ளைச் சுண்டெலி ஒன்று ஏழு வருடம் யோசித்தது. அந்த ஏழு வருடமும் அது சாப்பிடவில்லை, தூங்கவில்லை, கிழடு தட்டவுமில்லை.

சோதனைப் பெட்டிக்குள் ஒரு முச்சந்தி. இடப்பக்கம் திரும்பினால் உடனே ஒரு விதை. வலப்பக்கம் திரும்பினால் ஒரு கைப்பிடி விதை, ஆனால் கதவு திறக்கக் காத்திருக்க வேண்டும். எலி எவ்வளவு நேரம் யோசித்ததோ அவ்வளவு நேரம் காத்திருக்கும்படி கதவை அமைத்தவள், பட்டத்துக்காக இந்தச் சோதனையை நடத்திய ஆய்வு மாணவிதான். யோசிப்பதற்கு ஒரு வரம்பு வைக்க மறந்துவிட்டாள். மற்ற எலிகள் மளமளவென்று ஓடி முடித்துவிட்டன. கடைசி எலி மட்டும் முன்காலைத் தூக்கியபடி நின்றது. நடுவில் கை வைத்தால் மொத்த ஆய்வும் செல்லாது, பட்டமும் போய்விடும். அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இதைத் தூக்கிட்டு வேற எலியை விடும்மா. யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் துறைத்தலைவர்.

"எலிக்குத் தெரியும் சார். அது இன்னும் யோசிச்சிட்டிருக்கு."

அவர் ஓய்வு பெற்றுப் போனார். கூடப் பிறந்த எலிகள் செத்து, அவற்றின் பேரன் பேத்திகளும் ஓடி முடித்தன. இடையில் அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. மகள் பெட்டி இருந்த மேசையைப் பிடித்துக்கொண்டுதான் நடை பழகினாள். வீடு வாங்குவதா வேண்டாமா என்று குழம்பியவர்கள் பெட்டிக்குப் பக்கத்தில் சற்று நின்றுவிட்டுப் போனார்கள். பழைய கட்டடத்தை இடிக்க வந்தபோது அவள் எழுந்திருக்க மறுத்தாள். சுற்றியிருந்ததை எல்லாம் இடித்துவிட்டு, அந்த ஓர் அறையை மட்டும் விட்டுப் போனார்கள்.

கணவன் மதியச் சாப்பாட்டோடு வருவான். "என்ன சொல்றாரு உன் ஆளு?"

"காலைத் தூக்கியிருக்காரு."

"கல்யாணத்தன்னிக்கும் இதையேதான் சொன்னே."

ஏழாம் வருடம், அவன் வந்து நின்றிருந்த ஒரு மதியம், எலி தூக்கிய காலை வலப்பக்கம் ஊன்றியது. நிதானமாக நடந்துபோய், மூடிய கதவுக்கு முன்னால் உட்கார்ந்து மீசையைத் துடைத்துக்கொண்டது. கதவின் கடிகாரம் ஏழு வருடத்திலிருந்து பின்னோக்கி ஓடத் தொடங்கியது.

கணவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். "இன்னும் ஏழா?"

"யோசிக்கிறதுதாங்க கஷ்டம். அது முடிஞ்சுபோச்சு. இனிமே சும்மா உட்கார்ந்திருந்தாப் போதும்."

நாற்காலியை வலப்பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, அவள் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தாள்.