ஜோடிக் கதவு

"உள்ளே தண்டுவடத்துப் பக்கம் அழற்சி கனன்றுகிட்டு இருக்கும்மா. உன் வீட்டுக்காரர் போடற இந்த மாத்திரை அதை ஆத்தாது."

"அப்புறம் எப்படி டாக்டர் வலி அடங்குது?"

"அடங்கலை. மூளைக்குக் கேக்காமப் பண்ணுது, அவ்வளவுதான். போகப்போக சின்ன வலியே பெருசாத் தெரியும். உள்ளே இருக்கிற அழற்சியும் கூடலாம். யோசனை மங்கும். திடீர்னு நிறுத்தினாலும் ஆபத்து. அவரைக் கூட்டிட்டு வா, மெல்லக் குறைக்கலாம்."

டாக்டரம்மா சுஹைரிடம் இதைச் சொன்னது குளிர்காலம் தொடங்கியபோது. இப்போது எகிப்தின் தும்யாத்தில் வெயில் ஏறிவிட்டது. அவள் இன்னும் கணவர் ஷவ்கியிடம் வாய் திறக்கவில்லை. அவர் டிரமடால் என்னும் போதை தரும் வலி மாத்திரையை விழுங்குகிறார் என்ற பேச்சு சம்பந்தி வீட்டுக்குப் போனால் மகள் நிவீனின் கல்யாணம் என்னவாகும்? அதைவிட, ஊரே மெச்சும் மரச்செதுக்குக்காரரின் முகத்தைப் பார்த்து அதை எப்படிக் கேட்பது?

வரும் வியாழக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் மேளம் கொட்டி வருவார்கள். சீராகப் போகும் கட்டிலும் அலமாரியும் திறந்த லாரியில் தெருத்தெருவாகப் போகும். ஊர் முழுக்க நின்று பார்க்கும். மகளுக்கான அலமாரியை வேறு யாரையும் தொடவிடாமல் ஷவ்கியே செதுக்கினார்.

சுஹைர் தேநீரும் மிஷப்பிக் இனிப்பும் எடுத்துக்கொண்டு கீழே பட்டறைக்குப் போனாள். அலமாரியின் இரண்டு கதவுகளையும் அவர் பக்கத்தில் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தார். அவள் கை நின்றுவிட்டது. வலக்கதவின் கொடி இடக்கதவின் கொடியைப் பார்த்து வளைய வேண்டும். இங்கே இரண்டும் ஒரே பக்கம் வளைந்திருந்தன.

அவள் எதுவும் சொல்லுமுன் அடுத்த பட்டறை ஃபிக்ரி உள்ளே தலையை நீட்டினான்.

"என்ன உஸ்தா! புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ஒரே திசையில மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க? கல்யாணத்துக்கு முன்னாடியே சண்டையா?"

"போடா, உனக்கு என்ன தெரியும்? இதுதான் புது மோஸ்தர்."

"அப்போ என் பொண்டாட்டியும் புது மோஸ்தர்தான்!" ஃபிக்ரி சிரித்துக்கொண்டே போனான்.

ஷவ்கியும் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. கதவருகே குனிந்து கொடியை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு மரத்தூள் மேலேயே உட்கார்ந்தார்.

"நான் பாத்துப் பாத்துத்தான் செதுக்கினேன், சுஹைர். ஒவ்வொரு இலையும் சரியாத்தான் இருந்துச்சு. எப்படி...?"

"இன்னும் நாள் இருக்கு. ஃபிக்ரிகிட்ட கொடுத்து ஒரு கதவைப் புதுசா..."

"என் மக அலமாரியை ஃபிக்ரியா?" அவர் தலையைப் பிடித்துக்கொண்டார். "தலைக்குள்ள பஞ்சு அடைச்ச மாதிரி இருக்கு. யாருக்கும் சொல்லாதே."

அவர் கை தானாக மாத்திரை இருந்த சட்டைப்பைக்குப் போனது. அவள் அருகில் உட்கார்ந்து அந்தக் கையைப் பற்றினாள். பிடுங்கவில்லை. சும்மா பிடித்துக்கொண்டாள். உள்ளங்கை முழுக்க உளித்தழும்பு. கல்யாணத்தன்று அவள் கை பிடித்ததும் இந்தக் கைதான்.

"அபூ நிவீன்." நிவீனின் அப்பா என்றுதான் அவள் அவரைக் கூப்பிடுவாள்.

"என்ன?"

"ஊர் என்ன வேணா பேசட்டும். கல்யாணம் தள்ளிப்போனாலும் போகட்டும். டாக்டர்கிட்ட என்கூட வாங்க."