காமாலை வந்த வீடு

1987 செப்டம்பர். தியாகதுருகத்தை ஒட்டிய அந்தச் சிற்றூரில் மஞ்சள் காமாலை பரவியிருந்தது. மேலத் தெருவில் ஒரு பெண்குழந்தை இறந்தே போயிற்று. அடுத்ததாக அம்சவள்ளியின் ஆறு வயது மகன் கவியரசனுக்குக் கண் மஞ்சளித்தது.

சுகாதார ஊழியர் வந்து கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டார். அம்சவள்ளியிடம் அதே பவுடரில் ஒரு பொட்டலம் கொடுத்து, "கக்கூஸ்ல கரைச்சி ஊத்துங்க" என்றார். மறுநாளிலிருந்து இடஒதுக்கீட்டுக்காகச் சாலை மறியல், பஸ் ஓடாது. அந்த அவசரத்தில் வேறெதுவும் சொல்லாமல் போய்விட்டார்.

விடிந்ததும் அவள் கணவன் பிச்சைமுத்து, மறியலுக்குச் சாலையோர மரம் வெட்டக் கோடரியை எடுத்தான்.

"புள்ள படுத்துக்கினு கீறான். இப்ப போவணுமா?" என்றாள் அம்சவள்ளி.

"அவனுக்காவத்தான் போறேன். நாளைக்கு ஒரு வேலை கெடைக்கணும் இல்ல?"

அவன் போன பிறகு அவள் கொல்லையிலிருந்த கக்கூஸில் பவுடரைக் கரைத்து ஊற்றித் தேய்த்தாள். கறை போகவில்லை. தரை போட்டபோது கொத்தனார் விட்டுப்போன ஆசிட் பாட்டில் மூலையில் இருந்தது. இரண்டும் சேர்ந்தால் நோய்க்கிருமி எதுவும் மிஞ்சாது என்று நினைத்தாள். மகன் உள்ளே வந்து மிதித்துவிடக் கூடாதென்று கதவைத் தாழிட்டுக்கொண்டு, ஆசிட்டைக் கவிழ்த்தாள்.

பக்கத்து வீட்டு இருசம்மாளுக்கு இருமல் சத்தம் கேட்டது. பிறகு கவியரசன் கதவைத் தட்டி அழுகிற சத்தம். அவள் கடப்பாரையால் கதவை நெம்பித் திறந்தாள். நெடி முகத்தில் அறைந்தது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அம்சவள்ளியை வெளியே இழுத்துப் போட்டாள்.

"மூச்சு வுட முடியலக்கா" என்றாள் அம்சவள்ளி.

ஆள் அனுப்பியதும் பிச்சைமுத்து ஓடி வந்தான். கயிற்றுக்கட்டிலில் அவளைத் தூக்கிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு நடந்தார்கள். சாலை முழுக்கப் புளியமரங்கள் விழுந்து கிடந்தன. அவற்றில் ஒன்று அவன் வெட்டியது. மறியலில் நின்றவர்களே ஓடி வந்து தோள் கொடுத்தார்கள். மரத்துக்கு மரம் கட்டிலைத் தலைக்கு மேல் தூக்கிக் கடத்தினார்கள். அம்சவள்ளி கணவனின் கையை விடவில்லை. பேச்சு நின்றுவிட்டிருந்தது.

ஆஸ்பத்திரி சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது.

"இன்னா கலந்தாங்க?" என்று கேட்டார் டாக்டர். இருசம்மாள் சொன்னாள்.

"அது ரெண்டும் சேந்தா விஷப்புகைம்மா. யாரும் சொல்லலையா?"

"எங்களுக்கு யாருங்க சொல்றாங்க?"

ஆக்ஸிஜன் வைத்தும் பயனில்லை. மறுநாள் காலை அம்சவள்ளி இறந்துபோனாள். வந்த வழியே, அதே மரங்களைத் தாண்டி அவளைக் கொண்டுவந்தார்கள்.

கவியரசன் மெல்லத் தேறினான். காமாலை அடுத்த தெருக்களுக்கும் பரவியது; வீட்டுக்கு வீடு பிளீச்சிங் பவுடர் வந்தது. பிச்சைமுத்து ஒவ்வொரு வாசலிலும் போய் நின்றான்.

"வெறும் தண்ணியில மட்டும் கரைங்க. ஆசிட்ட கிட்டயே கொண்டாராதீங்க. கதவத் தெறந்து வச்சிக்கினு செய்யுங்க" என்றான்.

சில வீடுகளில் அவன் பேச்சு பாதியிலேயே நின்றுவிடும். மீதியை, உடன் வந்த இருசம்மாள் சொல்வாள்.