இருபதாம் நிமிடம்

என் கணவர் வேலை பார்த்த இடத்தைச் சொன்னாலே வந்தவர்கள் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொள்வார்கள். ஊரின் கழிவுநீர் முழுவதும் வந்து தேங்கும் குட்டை அது. "நாத்தம் என் சரக்கு இல்லீங்க. நான் அளக்கறது மீத்தேன். அதுக்கு வாசனையே கிடையாது" என்பார். பதினோரு வருடம் இதே நகைச்சுவை. எரிச்சலாக இருக்கும். இப்போது அதைச் சொல்ல ஆளில்லை.

நாட்டிலிருந்து காற்றில் கலந்து பூமியைச் சூடாக்கும் வாயுக்களுக்கு அவர் அலுவலகத்தில் வருடம் ஒருமுறை அட்டவணை போடுவார்கள். கரியமில வாயுவுக்கு ஒரு மாடி முழுவதும் ஆட்கள். மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு, குளிர்சாதனப் பெட்டிகளிலிருந்து கசிகிறவை ஆகிய மிச்சத்துக்கெல்லாம் மாடிப்படிக்குக் கீழே இரண்டு மேசை. ஒன்றில் இவர். மற்றொன்றில், இவர் 'கால்குலேட்டர்' என்று கூப்பிட்ட பெண், மனக்கணக்கில் புலி. அவர்கள் மேசைக்கு மேல் இவர் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கும்: 'காரணம் எழுதாமல் எந்த எண்ணையும் கோடு போட்டு அடிக்கக் கூடாது.'

நான் அச்சகத்தில் பிழை திருத்துபவளாக இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்ற மறு மாதமே என்னையும் குட்டைக்குக் கூட்டிப் போனார். "கடிகாரம் பாக்க ஆள் வேணும். நீ வீட்ல உக்காந்து பேப்பர்ல தப்பு கண்டுபிடிச்சு யாருக்கு என்ன லாபம்?"

மாதத்தின் முதல் வியாழக்கிழமை. குட்டைக்குள் நீளும் பலகையின் நுனியில் அவர் உட்காருவார். அடிப்பக்கம் திறந்த ஒரு பெட்டியைத் தண்ணீரின் மேல் கவிழ்ப்பார். கவிழ்த்ததும் ஒன்று, பிறகு பத்து, இருபது, முப்பதாம் நிமிடங்களில் ஒவ்வொன்று என்று ஊசிக்குழலால் உள்ளே சேர்ந்த காற்றை இழுத்துச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் செலுத்த வேண்டும். நிமிடத்துக்கு நிமிடம் எவ்வளவு கூடுகிறது என்பதுதான் கணக்கு. நடுவில் அசையக் கூடாது. பலகை குலுங்கினாலே அடிச்சேறு கலைந்து குமிழி கிளம்பும், அளவு பொய்யாகிவிடும். அரை மணி நேரம் இரண்டு கொக்குகள் மாதிரி உட்கார்ந்திருப்போம். பேச மட்டும் தடையில்லை. மகள் வெளிநாடு போன பிறகு நாங்கள் அதிகம் பேசியது அந்தப் பலகையில்தான்.

முதல் ஏழு வருடம் அளவு ஏறிக்கொண்டே போனது. பிறகு நகராட்சி புதிய சுத்திகரிப்பு நிலையம் கட்டியது. அதிலிருந்து நான்கு வருடம் இறங்குமுகம். "ஊருக்குச் சொல்லிடலாமே" என்பேன். "நாலு வருஷத்தை நம்பி வாயத் தொறக்க மாட்டேன். அஞ்சாவதும் எறங்கட்டும். அப்புறம் இதுதான் போக்குன்னு கையெழுத்துப் போடறேன். வேற ஊர்லயும் இத மாதிரி கட்டுவாங்க."

அந்த ஐந்தாவது வருடத்தில்தான், ஆறாம் மாதத்து வியாழக்கிழமை, அவர் பலகையிலேயே சரிந்தார்.

அவர் போய் ஏழு மாதம் கழித்து கால்குலேட்டர் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு அவர் நாற்காலியில் உட்காரப் போனவள், சட்டென்று முக்காலிக்கு மாறிக்கொண்டாள்.

"அம்மா, நல்லா இருக்கீங்களான்னு கேக்கவே பயமா இருக்கு. வேலையா வந்திருக்கேன்."

"வேலையா வந்தாத்தான் நல்லது. துக்கம் கேக்க வர்றவங்க அழுதுட்டுப் போயிடறாங்க. காபித் தம்ளரக் கழுவறது நான்."

சிரித்துவிட்டாள். பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்து வைத்தாள். ஆறாம் மாதத் தாள். முதல் இரண்டு வரி அவர் கையெழுத்து. மூன்றாவது என்னுடையது. நான்காவது காலி.

"இருபதாம் நிமிஷக் குப்பியில பத்து மடங்கு வருதும்மா. ஆய்வுக்கூடத்துல ரெண்டு தடவ பாத்துட்டாங்க. இத சேத்தா வருஷ சராசரி குதிச்சுடும். மத்த மாசமெல்லாம் எறக்கம்தான். இது ஒண்ணால அஞ்சாவது வருஷம் ஏத்தமாயிடும்."

"அடிச்சுட வேண்டியதுதானே."

"காரணம்?" என்றாள். "சார் அங்க மயங்கினார்னு தெரியும். அது இந்தக் குப்பிக்கு முன்னாடியா, பின்னாடியான்னு தெரியாது. மேல இருக்கறவர், சும்மா அடிச்சுட்டுப் போங்கறார். சாரோட தாள்ல என்னால அப்படிப் பண்ண முடியல. நாளைக்கு அட்டவணை போகணும்."

தாளை என் பக்கம் திருப்பி வைத்தேன். குறிப்பு என்ற கட்டம் வெறுமையாக இருந்தது. மகளிடம்கூட நான் சொல்லாதது அந்தக் கட்டத்தில் இருக்க வேண்டியது.

பதினான்காம் நிமிடம் அவர், "என்னமோ நெஞ்சு பிசையுது" என்றார். அடுத்த கணம் பக்கவாட்டில் சாய்ந்தார். வலது கால் முழங்கால்வரை சேற்றில் இறங்கியது. குமிழிகள் கொதிக்கிற மாதிரி பெட்டிக்கடியில் கிளம்பின. நான் அவர் தோளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு காவலாளியைக் கத்திக் கூப்பிட்டேன். காவலாளி வண்டி கொண்டுவர ஓடினார். நான் இவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போது இருபதாம் நிமிடத்துக்கு நான் வைத்திருந்த சாவிக் கடிகாரம் அடித்தது. இவர் கண்ணைத் திறக்காமல், "நேரமாச்சு. எடு" என்றார்.

எடுத்தேன். கையை விட்டுவிட்டு ஊசிக்குழலை எடுத்தேன். இழுத்து, குப்பியில் செலுத்தி, தாளில் எழுதினேன். அரை நிமிடம் இருக்கும். திரும்பிக் கையைப் பிடித்தபோது அது திருப்பிப் பிடிக்கவில்லை. வண்டி வந்தது அதற்குப் பிறகுதான்.

"அம்மா?"

"பேனா இருக்கா?"

எழுதினேன். 'பதினான்காம் நிமிடம் மாதிரி எடுப்பவர் சரிந்து விழுந்தார். அவர் கால் சேற்றைக் கலைத்ததால் குமிழிகள் பெட்டிக்குள் புகுந்தன. இருபதாம் நிமிட மாதிரியை எடுத்தவர் அவர் மனைவி. அளவு செல்லாது.' கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டேன்.

அவள் இரண்டு முறை படித்தாள். "அவர் விழுந்ததுக்கப்புறமா நீங்க எடுத்தீங்க?"

"எடுன்னார். வேற எதுவும் சொல்லல. நானும் கேக்கல."

அவள் மூன்றாவது வரியில் அளவுகோலை வைத்து ஒரு கோடு போட்டாள். "எண் கீழ தெரியணும், அழிச்சுடக் கூடாதுன்னு சார் சொல்லுவார்." தெரிந்தது. கோட்டுக்கடியில் என் கையெழுத்தும் தெரிந்தது.

"அப்போ அஞ்சாவது வருஷம்?"

"எறங்குது. மீதி இருக்கற மாசங்களை வச்சே சொல்லலாம். சார் பேர்லயே போடறேன்."

வாசல்வரை போனேன். செருப்பை மாட்டிக்கொண்டவளிடம் கேட்டேன். "இப்ப யாரு கடிகாரம் பாக்கறா?"

"யாரும் இல்லம்மா. போன்ல அலாரம் வச்சுப்பேன். சாரும் மொதல்ல அப்படித்தானே பண்ணிட்டிருந்தார், நீங்க வர்றதுக்கு முன்னாடி."

தெரு முனை திரும்பும்வரை அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே வந்து கடிகாரத்தைத் தேடி எடுத்தேன். சாவி தீர்ந்து எப்போதோ நின்றிருந்தது. முழுக்கச் சாவி கொடுத்தேன். அன்று செவ்வாய்க்கிழமை. முதல் வியாழனுக்கு இன்னும் இரண்டு நாள்.