சித்தி சொல்லும் ஆடு

செருப்பைக் கழற்றும்போதே மலர்கொடிக்கு உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. அரியலூர் ஜவுளிக்கடையில் பகலெல்லாம் நின்ற கால் விண்விண்ணென்று தெறித்தது. மகள் அபிநயா, சித்தி சத்யப்பிரியாவின் மடியில் சாய்ந்து படப்புத்தகம் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா வந்ததை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்தப் புத்தகத்தை வாங்கி வந்ததே மலர்கொடிதான். பிள்ளை எழுத்துப் படிக்கட்டும் என்று பஸ் ஸ்டாண்டு கடையில் நாலைந்தைப் புரட்டி, ஆடு அழகாக இருந்ததென்று எடுத்தது. இப்போது அதற்குப் பக்கத்தில் உட்காரக்கூட அவளுக்கு இடமில்லை.

சத்யப்பிரியா கொழுந்தனைக் கட்டிக்கொண்டு இந்த விக்கிரமங்கலத்து வீட்டுக்கு வந்து ஒரு வருஷம் ஆகவில்லை. அதற்குள் பிள்ளைக்குக் குளிக்கச் சித்தி, சோற்றுக்குச் சித்தி, தூங்கச் சித்தி. கெட்டவளாக இருந்தாலாவது திட்டித் தீர்த்துக்கொள்ளலாம். வந்ததும் டீயைச் சூடாக்கிக் கொடுத்து, "கால நீட்டி உக்காருங்கக்கா" என்பவளை என்ன சொல்லித் திட்டுவது? அதுவே இன்னும் வயிற்றெரிச்சலாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் சத்யப்பிரியா முழுகாமல் இருந்தாள். வளைகாப்பை ஏழாம் மாதம் போட்டு, அம்மா வீட்டுக்கு அனுப்பலாம் என்றார் மாமியார் தனம்.

"ஏழு வரைக்கும் எதுக்குங்கத்தே? ஒத்தப்படை மாசம்தான வேணும், அஞ்சும் ஒத்தப்படைதான? வாந்தி எடுத்துத் தொவண்டு கெடக்குது. வாலிகண்டபுரத்துல அவங்கம்மா கையால ஒரு வா ரசஞ்சோறு தின்னா தேறிடும்," என்றாள் மலர்கொடி.

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். ஆனால் வீட்டில் யார் கண்ணுக்கும் ஓநாய் தெரியவில்லை. "கூடப் பொறந்தவகூட இப்புடிப் பாக்க மாட்டா," என்று தனம் தெருவெல்லாம் சொல்லிவிட்டார். அஞ்சாம் மாதமே வளையல் அடுக்கினார்கள். சத்யப்பிரியா மலர்கொடியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மலர்கொடி அவள் கன்னத்தில் சந்தனம் பூசினாள். மனசு குளுகுளுவென்று இருந்தது. கார் கிளம்பியபோது அபிநயா அதன் பின்னாலேயே ஓடியதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். சின்னப் பிள்ளைதானே, மறந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை மகளை மடியில் இழுத்து வைத்துப் புத்தகத்தை விரித்தாள்.

"அ, அணில். ஆ, ஆடு. சொல்லு தங்கம்."

"அப்புடி இல்ல. அணிலு ஆட்டக் கூப்புடும்."

"எதுக்குக் கூப்புடும்?"

"உனக்குத் தெரியாதா?" அபிநயா புத்தகத்தை மூடிவிட்டு மடியிலிருந்து இறங்கிப் போய்விட்டாள்.

பகல் முழுக்கப் புத்தகம் மூடியே கிடந்தது. தானே துரத்தி அனுப்பியவளிடம் தானே போய்க் கேட்பதா என்று மலர்கொடி போனைத் தொடாமலே இருந்தாள். சாயங்காலம் பிள்ளை சுவரைப் பார்த்தபடி சாப்பிட்டபோது அவளால் தாங்க முடியவில்லை. வீடியோ கால் போட்டாள்.

"அக்கா! அபி எங்கக்கா?"

அதற்குமேல் மலர்கொடியிடம் யாரும் பேசவில்லை. பிள்ளைக்கு இரண்டு கையும் புத்தகத்துக்கே வேண்டியிருந்தது. போனைத் தூக்கிப் பிடிக்கும் வேலை அம்மாவுக்கு. சித்தியின் கதையில், நல்ல இலை இருக்கிறது வா என்று அணில் ஆட்டைக் கூப்பிட்டது. ஆடு இலையைக் கடிக்க வாயைத் திறந்ததும் மூக்கில் ஈ வந்து உட்கார்ந்தது. ஆடு தும்மியது, இலை பறந்தே போனது. அபிநயா உருண்டு உருண்டு சிரித்தாள். இவ்வளவுதானா, இது எனக்குச் சொல்லத் தெரியாதா என்றிருந்தது மலர்கொடிக்கு.

"இன்னொருவாட்டி சித்தி!"

மறுபடியும் அணில் கூப்பிட்டது. ஆடு வந்தது. ஈ வரப்போகிற நேரத்தில் நெட் சிக்கி, சத்யப்பிரியா வாயைப் பாதி திறந்தபடியே நின்றுபோனாள்.

"அப்பப் பாத்து அந்த ஈ என்னா பண்ணுச்சாம்..." என்று மலர்கொடி ஆரம்பித்தாள்.

"நீ பேசாதம்மா. சித்தி சொல்லும்."

அபிநயா ஈயின் மேல் விரலை வைத்துக்கொண்டு, திரையில் அசையாத அந்த முகத்தையே பார்த்திருந்தாள். மலர்கொடி வலித்த கையை மாற்றி, போனை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள்.