மஞ்சள் காட்டுக்குப் போன சாம்பல்

காலையில் வந்ததும் செவ்வந்தி ஆஸ்பத்திரிக் கொல்லைக் குழியை எட்டிப் பார்த்தாள். குழி அங்கேதான் இருந்தது, குழிக்குள் இருந்ததைத்தான் காணோம். அடிமண் தெரிய வழித்து எடுத்திருந்தார்கள். ஓரத்தில் மண்வெட்டித் தடம், பக்கத்து ஈரத்தில் டிராக்டர் டயர் பதிந்த தடம், அவ்வளவுதான்.

கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்து ஊர் அது. பெரிய நிலக்காரரான பண்ணாடி நஞ்சுண்டனின் தோட்டத்து முனையில், அவருக்கே சொந்தமான இரண்டு அறைக் கட்டடத்தில் டாக்டர் சீனிவாசலு ஆஸ்பத்திரி வைத்திருந்தார். நர்ஸ், ஆயா, மருந்து கொடுக்கிறவள், கூட்டிப் பெருக்குகிறவள் எல்லாமே செவ்வந்திதான். ஒருதரம் போட்டுவிட்டுத் தூக்கியெறிகிற பிளாஸ்டிக் ஊசி அந்தப் பக்கம் வந்த புதிது. கண்ணாடி ஊசியைக் கொதிக்க வைக்கிற வேலை ஒழிந்ததே என்று அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தூக்கியெறியலாம் சரி, எங்கே எறிவது? அதை யார் யோசித்தார்கள்!

கொல்லையில் குழி வெட்டிக் கொட்டி, சீமெண்ணெய் ஊற்றி எரித்து, மேலே அடுப்புச் சாம்பலைப் போட்டு மூடிவிடச் சொன்னார் டாக்டர். ஆழமாகத் தோண்டி சிமெண்டு ரிங்கு இறக்கி, மூடி போட்டுப் பூசி, ஊசி விழுகிற அளவுக்கு ஒரு குழாய் மட்டும் வைத்துவிட்டால் ஒருத்தரும் கை விட முடியாது என்று பொங்கலிலிருந்து சொல்லிக்கொண்டும் இருந்தார். சொல்வதற்கு என்ன குறைச்சல்? வைகாசி பிறந்தும் ரிங்கு வந்தபாடில்லை.

நேற்று மத்தியானம் டாக்டர் அவளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். ஒரு வாரமாகக் காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்த ஒரு லாரி டிரைவரின் ரத்தப் பரிசோதனை முடிவு கோயமுத்தூரிலிருந்து வந்திருந்தது. எய்ட்ஸ் கிருமி இருக்கிறது என்று எழுதியிருந்தது.

"வெளிய மூச்சு உட்றாதீங்க அம்மணி. பாவம், அவரும் மனுசந்தானுங்க. குழியில கெடக்கற ஊசியப் பூராப் பொழுதோட நல்லா எரிச்சுப்போடுங்க" என்றார்.

எரிக்கத்தான் போனாள். சீமெண்ணெய் கேனைக் கவிழ்த்தால் சொட்டு சொட்டாக வந்து நின்றுவிட்டது. ரேஷனில் அந்த மாதம் ஊற்றவே இல்லை. போதாக்குறைக்குக் கோடை மழை வேறு பிடித்துக்கொண்டது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று வழக்கத்தைவிட இரண்டு கூடை சாம்பலை அதிகமாகக் கொட்டி மூடிவிட்டு வீட்டுக்குப் போனாள். அந்தச் சாம்பல்தான் வினையாயிற்று.

"ஏனுங்க... இந்தக் குழியில இருந்தது..." வாய்க்கால் ஓரமாக வந்த பண்ணாடியிடம் இழுத்தாள்.

"அதா புள்ள? விடியக்காலம் டிராக்டர்ல அள்ளிப்போட்டோம். மஞ்சக் காட்டுக்கு எரு பத்தல. உங்க குழிய எட்டிப் பார்த்தா அத்தன சாம்பல்! சாம்பல் உழுந்தா கெழங்கு நல்லாப் பெருக்குமே. சும்மா எதுக்குக் கெடக்கோணும்?" என்று அவர் ஏதோ நல்லது செய்த திருப்தியில் நடந்தார்.

மஞ்சள் காடு. இன்றைக்கு அங்கே எரு இறைக்கப் போனவர்களில் அவளுடைய தங்கை அன்புச்செல்வியும் ஒருத்தி. தலைச்சன் பிள்ளையை வயிற்றில் சுமந்துகொண்டிருக்கிறவள்.

செவ்வந்தி ஓடினாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்பும் வாய்க்காலும் பாராமல் ஓடினாள். போய் என்னவென்று சொல்வது? டிரைவர் பேர் வெளியே வந்தால் அந்த மனுஷனை ஊருக்குள் விடுவார்களா? ஆஸ்பத்திரி நிற்குமா? எக்கேடோ கெட்டுப் போகட்டும், என் தங்கச்சி காலில் எதுவும் ஏறாமல் இருந்தால் போதும் சாமி என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு ஓடினாள்.

காட்டில் எரு குமி குமியாகக் கிடந்தது. பெண்கள் கூடையில் அள்ளி, வெறுங்கையால் வீசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி காலிலும் செருப்பில்லை. பண்ணாடி காட்டில் செருப்போடு இறங்குகிற வழக்கம் கிடையாது.

"என்னுங்க நர்சம்மா, இப்பிடி ஓடியாரீங்க? ஊசி போட அங்க ஆள் சிக்கலீங்களா?" என்றாள் மூத்தவளான ராமாத்தாள். எல்லோரும் சிரித்தார்கள்.

"கூடையக் கீழ போடுங்க! அல்லாரும் வரப்புக்கு ஏறுங்க! எருவுல ஆஸ்பத்திரி ஊசி கெடக்குது. யாருக்காச்சும் குத்துச்சா? மறைக்காமச் சொல்லுங்க!"

அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பு நின்றது. வரப்பில் வரிசையாக உட்கார்ந்து கையையும் காலையும் நீட்டினார்கள். குத்தவில்லை, குத்தவில்லை என்று ஒவ்வொருத்தியாகச் சொல்லச் சொல்ல அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. கடைசியில் தங்கையின் காலைத் திருப்பினாள். குதிங்காலில் புதிதாக ஒரு ரத்தப்பொட்டு இருந்தது.

"இது... என்ன கண்ணு இது?"

"அதுங்க்கா, வேலமுள்ளு. இந்தா கெடக்குது பாரு."

வரப்புப் புல்லில் கிடந்த முள்ளைச் செவ்வந்தி எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நிஜமாகவே வேலமுள்தான். நுனியில் ரத்தம் காய்ந்திருந்தது. "பாரியூர் ஆத்தா, காப்பாத்திப்போட்டியே!" என்று தங்கையைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"அட, முள்ளுக்குப் போயி இந்த அழுவையா?" தங்கைக்குச் சிரிப்பு வந்தது. "முறிஞ்சு உள்ளயே நின்னுக்குச்சுக்கா. ஊக்குல நோண்டிப் பார்த்தேன், வரல. ராமாத்தாக்காதான் எடுத்து உட்டாங்க. வலியே தெரியல."

ராமாத்தாள் தயங்கித் தயங்கி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

"நீங்க கேட்டா புடுங்கிக்குவீங்கன்னுதான் சொல்லலீங்க. காலைல மொதக் குமியிலயே கெடச்சுது. என்ன கூரு! அஞ்சாறு பேருக்கு முள்ளு எடுத்துப்போட்டேன், எனக்கும் எடுத்துக்கிட்டேன். குத்துனா ரத்தங்கூட அவ்வளவா வரல. நானே வெச்சுக்கட்டுங்களா?"

அவள் உள்ளங்கையில் ஊசி பளபளத்தது. தீப்பட்ட கறுப்பு அதில் எங்குமே இல்லை. அடியில் இருந்த பிளாஸ்டிக் கூட உருகவில்லை. நேற்று மழையால் எரிக்காமல் விட்டவற்றில் ஒன்று அது.

"யார் யாருக்குங்க எடுத்தீங்க?" என்று கேட்டாள் செவ்வந்தி.

எடுத்துக்கொண்டவர்கள் ஒவ்வொருத்தியாகக் காலை முன்னால் நீட்டினார்கள். அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த அன்புச்செல்வியின் சிரிப்பு மெல்லப் போயிற்று. கை தானாக வயிற்றின்மேல் வந்தது.

"அக்கா, அந்த ஊசி யாருக்குப் போட்டது?"

நேற்று அந்த ஆஸ்பத்திரியில் கைக்குழந்தைக்கும் ஊசி போட்டார்கள், கிழவனுக்கும் போட்டார்கள், டிரைவருக்கும் போட்டார்கள். எல்லாம் ஒரே பெட்டியில் வந்த, ஒரே மாதிரியான ஊசிதான்.

"தெரியலியே கண்ணு" என்றாள் செவ்வந்தி. "எனக்குத் தெரியலியே."