தலை நனையாத டைவர்

கடற்படையின் ஆழப் பயிற்சித் தொட்டிக்கு ஆண்டின் கடைசி நாளில் கமாண்டர் வந்தபோது கயிறக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனிதர் ரப்பர் உடையின் நெஞ்சிலேயே டைவர் பேட்ஜைக் குத்திக்கொண்டு வந்திருந்தார். ஊசி போட்ட ஓட்டை வழியாகத் தண்ணீர் புகும் என்பதுகூடத் தெரியாத டைவர்! இந்த மூஞ்சிக்கு ஒரு பேட்ஜ்.

பேட்ஜ் வைத்திருப்பவர்கள் வருடத்துக்கு இரண்டு மணி நேரமாவது தண்ணீருக்கடியில் இருக்க வேண்டும். மேலேயிருந்து அவர்களுடைய கயிற்றைப் பிடித்துக் காவல் இருந்து, பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். அவளும் டைவர்தான். ஆழத்தில் இடது காதின் கேட்கும் திறனைப் பறிகொடுத்து வாங்கிய பேட்ஜ் அவளுடையது.

கமாண்டர் ஏணியில் இடுப்பளவு இறங்கினார். இடுப்பிலிருந்த கயிற்றை அவிழ்த்து ஏணிப்படியில் கட்டிவிட்டு ஏறி வந்தார்.

"நான் ஓய்வறையில இருக்கேன். ரெண்டு மணி நேரம் ஆனதும் கையெழுத்துப் போட்டுடு. போடலேன்னா நாளைக்கு உன் பேட்ஜ் என் மேஜையில இருக்கும், ஞாபகம் வச்சுக்கோ."

"சரிங்க சார்."

வேறென்ன சொல்வாள்? செய்யக்கூடிய ஆள்தான். பொய்க் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டாலும் போவது அவள் பேட்ஜ்தான்.

அப்புறம்தான் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தாள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இழுக்க வேண்டும். கீழேயிருந்து பதிலுக்கு ஓர் இழுப்பு வர வேண்டும். மூன்று தடவை வராவிட்டால் மணி அடிக்க வேண்டும். விதி என்றால் விதிதானே?

இழுத்தாள். ஏணி என்ன பதில் சொல்லும்? மூன்றாவது இழுப்புக்குப் பிறகு மணியை ஓங்கி அடித்தாள்.

மீட்பு டைவர் தொட்டியில் குதித்தார். மணிச்சத்தம் கேட்டு டாக்டர் ஓடி வந்தார், பின்னாலேயே தளத்தின் தலைவரான அட்மிரலும். மீசையில் பிஸ்கட் தூளோடு வந்த கமாண்டர் பேந்தப் பேந்த விழித்தார்.

"தண்ணிக்குள்ளதானே இருந்தீங்க?" என்றார் அட்மிரல்.

இல்லை என்று சொன்னால் மோசடி வெளியே வந்துவிடும்.

"இருந்தேன் சார்! எப்படியோ நானாவே மேல வந்துட்டேன்."

டாக்டர் அவர் தலையைத் தொட்டுப் பார்த்தார். "காஞ்சிருக்கே?"

"எனக்குச் சீக்கிரம் காஞ்சுடும்."

"அப்படியா? கீழ பதில் இல்லாம கிடந்து தானா மேல வந்தவரை சும்மா விட முடியாது. ரத்தத்துல காத்துக்குமிழி கட்டாம இருக்க அழுத்த அறையில ஆறு மணி நேரம். ஒரு வருஷம் தண்ணி பக்கமே போகக்கூடாது. அதுவரைக்கும் இதை ஒப்படைக்கணும்."

டாக்டர் பேட்ஜைக் கழற்றி, பக்கத்திலிருந்த கயிறக்காவின் மேஜையில் வைத்தார்.

இரும்பு உருளை போன்ற அந்த அறைக்குள் கமாண்டர் குனிந்து நுழைவதைப் பார்த்துவிட்டு, அவள் பதிவேட்டைத் திறந்தாள். 'மூன்று முறை இழுத்தேன். பதில் இல்லை' என்று எழுதி, அதன் அடியில் அவர் கேட்ட கையெழுத்தைப் போட்டாள்.