ஓரம் தொட்ட பட்டை

மின்விசிறியை அணைக்க வேண்டும் என்று இர்ஃபானாவுக்குத் தோன்றியபோது எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. ஒரு தபால்தலை புக்லெட் கட்டிலுக்கடியில் கிடந்தது. இன்னொன்று பீரோவின் காலோடு ஒட்டிக்கொண்டு நின்றது. அவை இருந்த கண்ணாடிக் கவர்கள் இரண்டும் வெறுமையாய்ப் பறந்துபோய் வாசல்படியில் விழுந்திருந்தன. ஒரு கவரில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் 'பீர்' என்று எழுதியிருந்தது. மற்றதில் 'சேவியர்'.

"யா அல்லாஹ்…"

"ஏட்டி, என்ன சத்தம்?" அடுப்படியிலிருந்து நூர்னிசா குரல் கொடுத்தாள்.

"ஒண்ணுமில்லம்மா. கரண்ட் வந்துருச்சு. பேன் சுத்துச்சு."

"பேன் சுத்துனதுக்கா இந்தக் கத்து கத்துத? நான் பல்லின்னு நெனச்சேன்."

பல்லியாக இருந்திருக்கலாம். இர்ஃபானா முட்டி போட்டுக் கட்டிலுக்கடியில் கையை நீட்டினாள். எதை முதலில் எடுக்கிறோம், எந்தக் கையில் வைத்திருக்கிறோம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே எடுத்தாள். எடுத்த பிறகுதான் அதனால் ஒரு பயனும் இல்லை என்பது உறைத்தது. கட்டிலுக்கடியில் போனது யாருடையது என்று கட்டிலா சொல்லப்போகிறது?

இரண்டும் ஒரே சிவப்பு அட்டை. விரித்தால் உள்ளே இங்கிலாந்து ராணியின் தலை போட்ட ஆறு ஸ்டாம்புகள். நக்கி ஒட்டும் பழைய ரகம் இல்லை, ஸ்டிக்கர் போல உரித்து ஒட்டுவது. சேவியரின் தங்கை லண்டனிலிருந்து அனுப்பிய ஒரே பார்சலில் வந்தவை. ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் மாமா பீர் முகமதுவின் பேக் கடையும் சேவியரின் ஜெராக்ஸ் கடையும் அடுத்தடுத்து இருந்தன. பார்சலைப் பிரித்த அன்று ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். அன்று ஆரம்பித்த சண்டை சேவியர் சாகும் வரை ஓயவில்லை.

சண்டை ஒரு பட்டையைப் பற்றியது. தபால்தலையின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒளிப்பட்டை ஒன்று ஓடும். தபால் பிரிக்கும் மெஷின் அடையாளம் கண்டுகொள்வதற்காக வைத்தது. சாதாரண புக்லெட்டில் அந்தப் பட்டை விளிம்புக்கு முன்பே நின்றுவிடும். எங்கோ சில புக்லெட்டுகளில் மட்டும் நிற்காமல் ஓரத்தைத் தொட்டுவிடும்; ஸ்டாம்பு சேர்ப்பவர்களுக்கு அதுதான் அபூர்வம். அட்டையை வைத்தோ அதிலுள்ள நம்பரை வைத்தோ அதைக் கண்டுபிடிக்க முடியாது. இருட்டில் ஊதா வெளிச்சம் அடித்துத்தான் பார்க்க வேண்டும். தன்னுடையது ஓரம் தொட்டது என்று இரண்டு பேருமே சாதித்தார்கள். வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துச் சாதித்தார்கள்.

ஊதா வெளிச்சம் கடைக்கு வந்தது இப்போதுதான். யாரோ கள்ள நோட்டைத் தள்ளிவிட்டுப் போன கோபத்தில் மாமா நோட்டு பார்க்கும் டார்ச் ஒன்று வாங்கினார். வாங்கியவருக்குக் கண்ணில் புரை. அதனால் டார்ச்சையும் தன் புக்லெட்டையும் மருமகளிடம் கொடுத்தனுப்பினார். சேவியரின் புக்லெட்டை அவர் மகன் ஆல்வின் கொண்டுவந்து கொடுத்தான். டியூஷனில் இர்ஃபானாவோடு படிப்பவன்.

"ஒரு நேரத்துல ஒண்ணத்தான் வெளிய எடுக்கணும்" என்று மாமா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆனால் தனியாகப் பார்த்தால் பட்டை எங்கே நிற்கிறது என்று நிச்சயமாய்ச் சொல்ல முடியவில்லை. பக்கத்தில் இன்னொன்று இருந்தால்தான் கண்ணுக்கு வித்தியாசம் பிடிபடும். ஜன்னலைச் சாத்திப் போர்வை தொங்கவிட்ட நேரம் பார்த்துக் கரண்ட் போனது. நல்ல இருட்டு, விசிறியும் நின்றது, இதைவிடத் தோது உண்டா என்று இரண்டையும் உருவி மேஜையில் விரித்தாள். சுவரில் சுவிட்ச் போட்டபடியே இருந்தது.

பார்த்தாள், கண்ணாரப் பார்த்தாள். ஒன்றில் பட்டை நின்றது. மற்றதில் பச்சையாய் ஒளிர்ந்து ஓரம் வரை ஓடியது. அந்த நொடியில் கரண்ட் வந்தது.

'இடது பக்கம் மாமாவோடது' என்று சொல்லிக்கொண்டே வைத்தது ஞாபகம் இருக்கிறது. ஓரம் தொட்டது இடது பக்கம்தான் இருந்தது, அதுவும் சத்தியம். ஆனால் ஜன்னல் இடுக்கில் வெளிச்சம் கசிந்ததால் நடுவில் ஒருமுறை மேஜைக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டாள். அங்கிருந்து பார்த்தால் இடது வலதாகிவிடும். வைத்த பிறகு போனாளா, போன பிறகு வைத்தாளா? எத்தனை முறை யோசித்தாலும் இரண்டு விதமாகவும் ஞாபகம் வந்தது.

மறுபடி ஜன்னலைச் சாத்தி, இந்த முறை சுவிட்சை அணைத்து, டார்ச் அடித்தாள். எது ஓரம் தொட்டது என்பது தெளிவாகவே தெரிந்தது. அது யாருடையது என்பதுதான் எந்த வெளிச்சத்திலும் தெரியவில்லை. லென்ஸ் வைத்து மூலை மூலையாய்ப் பார்த்தாள். முகர்ந்து பார்த்தாள். இரண்டிலும் அவள் வீட்டு பீரோ வாசம்தான் அடித்தது.

மாமாவுக்குப் போன் போட்டாள்.

"மாமா, ஒங்க புக்லெட்ல ஏதாச்சும் கீறல், மடிப்பு, அப்படி எதாவது உண்டா?"

"கீறலா? ஏட்டி, பொறந்த புள்ளைய வச்சிருக்க மாதிரி வச்சிருக்கேன். ஏன், கீறிட்டியா?"

"இல்ல மாமா. சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்குற ஆளா நீ? பாத்தியா இல்லியா, அதச் சொல்லு."

பொய் சொல்ல வாய் வரவில்லை. "பாத்தேன். ஒண்ணு ஓரம் தொட்டிருக்கு."

அந்தப் பக்கம் கடைக்கு வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"யாருதுன்னு சொல்லாத" என்றார் மாமா. குரல் மாறியிருந்தது. "அன்னைக்கு சேவியர் ஆஸ்பத்திரில மூக்குல ட்யூபோட கெடக்கான். பேச்சே சரியா வரல. என்னைக் கிட்ட கூப்புட்டு, 'பாய், உம்மது சாதாதான்'ங்கான். சிரிக்கதா அழுகதான்னு தெரியல எனக்கு. அவனுது ஓரம் தொட்டிருந்தா மதுரை ஸ்டாம்பு கண்காட்சில அவன் பேரப் போட்டு வைப்பேன். இல்லன்னா என் பேரு. சும்மா எரக்கப்பட்டு அவன் பேரப் போட்டா குழியில இருந்து எந்திச்சு வந்து ஏசுவான். வெவரமா இரு, தாயி. செத்த நேரத்துல வாரேன், நேர்ல சொல்லு."

"மாமா…"

"ஆல்வினயும் வரச் சொல்லிட்டேன். அவனும் கேக்கட்டும்."

போன் கையிலேயே இருந்தது. கலந்துபோச்சு மாமா என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும்? மாமா அடிக்கமாட்டார், திட்டக்கூட மாட்டார். ஆனால் ஒரு மனிதன் சாகும்போது சொன்னது உண்மையா என்று இனி உலகத்தில் யாராலும் சொல்ல முடியாது. ஒரு சுவிட்சை அணைக்க மறந்ததில் அது போய்விட்டது. அதை நினைத்தபோதுதான் அவளுக்கு உண்மையான பயம் வந்தது.

ஓரம் தொட்ட புக்லெட்டை எடுத்து 'சேவியர்' கவரில் பாதி நுழைத்தாள். இவ்வளவுதான். ஆல்வின் சந்தோஷப்படுவான், மாமாவும் தலையை ஆட்டிக்கொண்டு ஒத்துக்கொள்வார். யாருக்கும் தெரியாது. அது நிஜமாகவே சேவியருடையதாகவும் இருக்கலாமே? பாதிக்குப் பாதி. ஆனால் மற்ற பாதியில், மாமா இத்தனை வருசம் பொத்தி வைத்த ஒன்றை அவளே பிடுங்கிக் கொடுத்தவளாவாள். உருவி வெளியே எடுத்தாள். 'பீர்' கவரில் நுழைத்துப் பார்த்தாள். அப்பா இல்லாத பையனிடம் திருடியதுபோல் கை சுட்டது. அதையும் உருவினாள்.

"இர்ஃபானா, ஆல்வின் வந்திருக்கு பாரு" என்றாள் நூர்னிசா. "உள்ள போப்பா. காலைல இருந்து கதவச் சாத்திக்கிட்டு ஸ்டிக்கர் பாக்குதா. பரிச்சைக்கு இம்புட்டு படிச்சா கலெக்டர் ஆயிருவா."

ஆல்வின் சிரிக்கவில்லை. கையில் ஹெல்மெட்டோடு வாசலிலேயே நின்றான். ஓடி வந்தவன்போல மூச்சு வாங்கியது. சவ அடக்கத்தன்று பார்த்ததற்கு இப்போது இன்னும் மெலிந்திருந்தான். அவன் பார்வை அவள் முகத்திலிருந்து இறங்கி, கவர் இல்லாமல் அவளுடைய இரண்டு கையிலும் இருந்த புக்லெட்டுகளில் வந்து நின்றது.

"மாமா சொன்னாரு, ஒண்ணு ஓரம் தொட்டிருக்காம்ல."

அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

"வீட்ல எல்லாரும் அப்பாவ ஸ்டாம்பு கிறுக்கன்னுதான் சொல்லுவாவ. நானும் சொல்லியிருக்கேன்." ஹெல்மெட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டான். "நீ பொய் சொல்லமாட்ட, எனக்குத் தெரியும். சாதான்னாலும் பரவால்ல, தாங்கிக்கிடுவேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு இர்ஃபானா. எங்கப்பா சொன்னது நெசமா?"